நீல்காயை வீழ்த்த எந்தத் துப்பாக்கி, எந்தத் தோட்டா? பயிர்க்காவல் உரிமம் உள்ளவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

பீகாரில் மட்டும் பயிரை மேயும் மானைச் சுடலாமாமே, நம்மிடம் உள்ள துப்பாக்கிக்கு அது விழுமா? மான், காட்டுப்பன்றித் தொல்லையில் இருக்கும் விவசாயிகள் பலர் கேட்கும் கேள்வி இது. இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. சுடலாமா என்பது ஒன்று, எதைக் கொண்டு சுடுவது என்பது இன்னொன்று. இரண்டாவதை முதலில் பார்ப்போம். அது புரிந்தால், இந்த வேலையை ஏன் விவசாயி கையில் விடுவதில்லை என்பதும் புரிந்துவிடும்.

பீகாரில் சுடப்பட்டது நீல்காய். இதில் வரும் 'காய்' நம் ஊர்க் காய் அல்ல, இந்தியில் பசு. பெயரில் பசு இருப்பதால்தான் வட மாநில விவசாயிகள் பலர் அதன்மேல் கை வைக்கத் தயங்கினார்கள். உண்மையில் அது மறிமான் வகை, ஆசியாவிலேயே பெரியது. நீங்கள் சென்னைக்கு வந்து மயிலாப்பூர், அடையாறு பக்கம் தங்கினால், அருகிலுள்ள கிண்டி தேசியப் பூங்காவில் வெளிமானைப் பார்க்கலாம். அதுவும் மறிமான்தான். ஆனால் வளர்ந்த வெளிமான் கிடா 35 கிலோ அளவில் இருக்கும். நீல்காய் கிடா 200 கிலோவைத் தாண்டும், தோள் உயரம் நான்கு அடிக்கு மேல். கழுத்திலும் தோளிலும் தோல் தடித்தது. தவறான இடத்தில் குண்டு பட்டால் விழாது, ஓடிவிடும்.

இந்த மானுக்கு உள்ளூர் அனுபவம் மட்டும்தான் இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்காவின் டெக்சாஸ் பண்ணைகளில் கொண்டுபோய் விட்ட நீல்காய்கள் இன்று அங்கே ஆயிரக்கணக்கில் பெருகியிருக்கின்றன. வேட்டைக்குச் சட்ட அனுமதி உள்ள அந்த ஊரில், சாதாரண மானுக்கு எடுக்கும் ரைபிளை நீல்காய்க்கு எடுக்காதீர்கள் என்பார்கள். .300 மேக்னம், .338, .375 என்று ஒரு படி பெரியதைத்தான் சொல்வார்கள். ஆப்பிரிக்காவின் நமீபியா இதைச் சட்டமாகவே வைத்திருக்கிறது. குடு, ஓரிக்ஸ், ஈலண்ட் போன்ற பெரிய மறிமான்களுக்கு, தோட்டா குழலை விட்டு வெளியேறும்போது குறைந்தது 2,700 ஜூல் விசை இருக்க வேண்டும். சிறிய ஸ்பிரிங்பாக்குக்கு அதில் பாதி, 1,350 ஜூல் போதும்.

நம் நாட்டில் பொதுமக்கள் உரிமத்தில் கிடைக்கும் ரைபிள்களில் .315, .30-06 இரண்டும் பலர் அறிந்தவை. மேற்கு வங்கத்து இச்சாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலை தயாரித்தவை. ராணுவம் பயன்படுத்திய .303 தோட்டா பொதுமக்களுக்குத் தடை என்பதால்தான் .315 புழக்கத்துக்கு வந்தது. அதன் குண்டு கனமானது, வேகம் குறைவு. கிட்டத்தில் வேலை செய்யும், தூரம் கூடினால் தாழ்ந்து விழும். .30-06 (இந்த 06 என்பது 1906ஆம் ஆண்டு) சுமார் 3,900 ஜூல் தரும். நீல்காய்க்குப் போதுமான விசை அது.

ஆனால் துப்பாக்கியின் அளவைவிடத் தோட்டாவின் வகைதான் முக்கியம். முழுவதும் செம்பு உறை போட்ட குண்டு உடலைத் துளைத்து மறுபக்கம் போய்விடும். மான் காயத்தோடு ஓடும், குண்டு அடுத்த வயலில் வேலை செய்பவர்மேல் படும். ரைபிள் குண்டு குறி தப்பினால் மூன்று கிலோமீட்டருக்கு அப்பாலும் ஆளைக் கொல்லும். நுனியில் ஈயம் தெரியும் சாஃப்ட் நோஸ் தோட்டா உடலுக்குள் விரிந்து உள்ளேயே விசையை இறக்கும். ஆனால் மிக மெல்லிய உறை உள்ளதானால் தோள் எலும்பிலேயே சிதறிவிடும். அதனால் தடித்த உறையும் விரியும் நுனியும் சேர்ந்த கனமான குண்டு வேண்டும். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், இதயமும் நுரையீரலும் உள்ள இடத்தில் பட வேண்டும். பின்னால் மண்மேடு இருக்க வேண்டும், அல்லது உயரத்திலிருந்து கீழ்நோக்கிச் சுட வேண்டும். கங்கைச் சமவெளி போன்ற தட்டையான நிலத்தில் இதுதான் பெரிய பாடு.

இப்போது உங்கள் வீட்டுத் துப்பாக்கிக்கு வருவோம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, பயிர்க்காவலுக்கென்று தரப்படுவது குழல்வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி. அது போதாது என்று உரிமம் வழங்கும் அதிகாரி கருதினால், உள்வரி இல்லாத வேறு துப்பாக்கி தரலாம். ரைபிள் அந்தக் கணக்கில் இல்லை. கருமருந்தும் பால்ரஸும் கெட்டித்த துப்பாக்கி சத்தம் போட்டு விரட்ட உதவும். 200 கிலோ மானை அது கொல்லாது, புண்படுத்தும். 12 போர் இரட்டைக்குழலில் எல்.ஜி. தோட்டா போட்டாலும் 30 கெஜத்துக்கு மேல் நம்ப முடியாது. அந்தத் தூரத்துக்குள் நீல்காய் உங்களை நெருங்க விடாது.

பீகாரில் நடந்ததைப் பாருங்கள். 2015 டிசம்பர் 1 அன்று மத்திய அரசு, அம்மாநிலத்தின் சில மாவட்டங்களில் நீல்காயையும் காட்டுப்பன்றியையும் ஓராண்டுக்குத் தீங்குயிரி என அறிவித்தது. 2016 ஜூனில் மொகாமாவில் 200க்கும் மேற்பட்ட நீல்காய்கள் சுடப்பட்டன. பருப்புப் பயிருக்குப் பேர்போன பகுதி அது. சுட்டவர்கள் விவசாயிகள் அல்ல, ஐதராபாத்திலிருந்து வரவழைக்கப்பட்ட தேர்ந்த வேட்டைக்காரர்கள். அப்போது மேனகா காந்தியும் சுற்றுச்சூழல் அமைச்சர் பிரகாஷ் ஜவடேகரும் வெளிப்படையாக மோதிக்கொண்டது பலருக்கு நினைவிருக்கும். 2019இல் வைஷாலி மாவட்டத்திலிருந்து ஒரு வீடியோ வந்தது. சுடப்பட்டு, சாகாமல் கிடந்த நீல்காயை ஜேசிபி வைத்துக் குழியில் தள்ளி மண்ணைப் போட்டு மூடியிருந்தார்கள். கொல்லாமல் புண்படுத்திய குண்டு கடைசியில் அங்கேதான் கொண்டுபோய் விட்டது.

தமிழ்நாட்டில் காட்டு நீல்காய் கிடையாது. நம் வயலுக்கு வரும் மறிமான் வெளிமான்தான். கோடியக்கரை, வல்லநாடு, சத்தியமங்கலம் பக்கத்து விவசாயிகளுக்குத் தெரிந்த விலங்கு. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அது இருக்கிறது. பயிரைத் தின்றது என்பதற்காக அதைச் சுட தலைமை வன உயிரினக் காப்பாளரே அனுமதி தர முடியாது. மனித உயிருக்கு ஆபத்து, அல்லது மீள முடியாத காயம், நோய் என்றால்தான் உண்டு. மீறினால் 3 முதல் 7 ஆண்டு சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். உயிரைக் காத்துக்கொள்ளச் செய்ததற்குச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது, பயிரைக் காக்கச் செய்ததற்கு இல்லை. விளைந்த பயிரை இழந்தவருக்கு இது கசக்கத்தான் செய்யும்.

காட்டுப்பன்றிக்கு மட்டும் 2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு வழி சொன்னது. காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ.க்குள் சுடக் கூடாது. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விடுவார்கள். 3 கி.மீ.க்கு அப்பால் பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடுவார்கள். அங்கும் துப்பாக்கி உங்கள் கையில் இல்லை. இதற்குப் பதிலாக அவுட்டுக்காய் வைப்பது, வேலியில் நேரடி மின்சாரம் விடுவது இரண்டும் ஆள்கொல்லி வேலை. சூரிய மின்வேலி போடலாம், காட்டை ஒட்டிய நிலமானால் வனத்துறையில் பதிவு செய்து போடுங்கள்.

பயிர் அழிந்தால் அதே நாளில் படம் எடுங்கள். குளம்படியும் மேய்ந்த தட்டையும் தெரியும்படி, ஒரு படத்திலாவது நிலத்தின் அடையாளம் விழும்படி எடுக்க வேண்டும். சிட்டா, அடங்கல் நகலோடு வனச்சரக அலுவலகத்தில் இழப்பீட்டு மனு கொடுத்து, கையோடு ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அவர்கள் வந்து பார்க்கும்வரை அந்தப் பாத்தியை உழ வேண்டாம்.