1952: தேர்தலில் நிற்காமலே முதல்வர்



இன்று நீங்கள் பொத்தானை அழுத்தி வாக்களிக்கிறீர்கள். 1952-இல் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி; மேலே அவரது சின்னம். விரும்பிய பெட்டியில் சீட்டைப் போட வேண்டும், அவ்வளவுதான். முத்திரை குத்தும் வேலையே இல்லை.

ஆந்திரமும் மலபாரும் அன்று சென்னை மாநிலத்தோடு இருந்தன. மொத்தம் 375 இடங்கள். ஆட்சி அமைக்க 188 தேவை. காங்கிரசுக்குக் கிடைத்ததோ 152. கம்யூனிஸ்டுகள் 62 இடங்களில் வென்றிருந்தார்கள். எதிர்க்கட்சிகள் த. பிரகாசத்தின் தலைமையில் ஒன்றுசேர்ந்து ஆட்சிக்கு உரிமை கோரின.

ஆளுநர் ஸ்ரீபிரகாசா அழைத்தது ராஜாஜியை. அவர் தேர்தலில் நிற்கவே இல்லை! மேலவைக்கு நியமிக்கப்பட்டு, ஏப்ரல் 10 அன்று முதல்வரானார். சட்டத்தில் இடமிருந்தது, ஆனாலும் என் மனம் ஒப்பவில்லை. நம் சங்கத் தேர்தலில் நிற்காத ஒருவர் தலைவராக வந்து அமர்ந்தால் நீங்கள் சும்மா இருப்பீர்களா?

வட மாவட்டங்களின் இரு சிறு கட்சிகள் அவருக்குக் கைகொடுத்தன. ராமசாமி படையாட்சியாரின் உழைப்பாளர் கட்சிக்கு 19 பேர். காமன்வீல் கட்சிக்கு 6 பேர். பின்னதன் தலைவர் மாணிக்கவேலு நாயக்கர் அமைச்சரானார். ஜூலையில் நம்பிக்கைத் தீர்மானம் 200-க்கு 151 என்று நிறைவேறியது.

பிரகாசம் 1953 அக்டோபரில், புதிய ஆந்திர மாநிலத்தின் முதல் முதல்வரானார்.