சரளி வரிசையின் சரித்திரம்

டில்லியிலோ நாகபுரியிலோ குடியேறிய நம்மவர் இல்லங்களில், குழந்தை பாட்டுப் பயிலத் தொடங்கிய சில நாட்களிலேயே, "கீர்த்தனை எப்போது?" என்னும் கேள்வி எழுந்துவிடுகிறது. ஆவல் இயல்பே. ஆயினும், பாடத்தின் வரலாற்றை அறிந்தவர் படிகளைத் தாண்ட எண்ணார்.

சரளி, ஜண்டை, அலங்காரம், கீதம் என்னும் முறையை வகுத்தவர் 1564-இல் மறைந்த புரந்தரதாசர் என்பது மரபு. தொடக்கப் பயிற்சிக்கு மாயாமாளவகௌளையைத் தேர்ந்தவரும் அவரே என்பர். அத்தேர்வின் நுட்பம் நோக்கத்தக்கது: ஸ ரி க ம என்பவற்றிடையே உள்ள இடைவெளிகளே ப த நி ஸ என்பவற்றிலும் மீண்டும் வருகின்றன. முற்பாதியில் பழகிய குரலுக்குப் பிற்பாதி எளிதாகிறது. பின்னர், அலங்காரங்கள் ஏழு தாளங்களையும் கையில் பதிக்கின்றன.

சுமார் ஒரு நூற்றாண்டுக்குப் பின், தஞ்சை நாயக்கர் காலத்தில், வேங்கடமகி தமது 'சதுர்தண்டி பிரகாசிகை'யில் 72 மேளங்களைக் கணக்கிட்டார். ரிஷப காந்தாரச் சேர்க்கைகள் 6, தைவத நிஷாதச் சேர்க்கைகள் 6, பெருக்கினால் 36. மத்தியமம் இருவகையாதலின் 72. இன்று வழங்கும் மேளகர்த்தா வரிசையில் மாயாமாளவகௌளை 15-ஆவது. ஆகவே, சரளி பாடும் குழந்தை, பெயரறியாமலே ஒரு மேளத்தைத் தொண்டையில் ஏந்தி நிற்கிறது. பின்னாளில் இலக்கணம் கற்கையில், அறிந்ததற்கே பெயர் கிடைக்கிறது. படிகளைத் தாண்டிய குழந்தைக்கோ அது வெறும் மனப்பாடமாகும்.

கன்னட நாட்டு அடியார் அமைத்த படிகள் காவிரிக் கரையில் நிலைபெற்றன. எல்லை கடந்து வந்த அவை, நாம் வாழும் ஊரிலும் வேரூன்றும். பொறுமை ஒன்றே வேண்டுவது.