விமானத்துக்குள்ள இருக்குற கேமரா எந்தக் கதவைப் பார்க்குது?

எங்க ஊரு மேல்பட்டாம்பாக்கம். பண்ருட்டிக்கும் நெல்லிக்குப்பத்துக்கும் நடுவில இருக்கு. வெளியூர்க்காரங்க கேட்டா "நெய்வேலி பக்கம்"னு சொல்லித் தப்பிச்சுக்குவேன், அப்பாவுக்கு வேலையும் அங்கதான். இப்ப எங்க தெரு மளிகைக் கடையில கூட கேமரா இருக்கு. புளி வாங்கப் போனா நம்ம மூஞ்சி டிவியில தெரியும். ஆனா பல நூறு கோடி ரூபாய் விமானத்துல, பயணிங்க உட்கார்ற பகுதியில பெரும்பாலும் கேமராவே கிடையாது. இது எனக்குத் தெரிய வந்தது எங்க அம்மா மூலமா.

அம்மா, அப்பா ரெண்டு பேரும் நான் வேலை பார்க்குற நொய்டாவுக்கு வந்துட்டு டெல்லியில இருந்து சென்னைக்கு விமானத்துல திரும்பினாங்க. செக்யூரிட்டியில பீப் அடிக்கும்னு யாரோ சொன்னதை நம்பி, அம்மா ரெண்டு பவுன் செயினைக் கழட்டி சின்ன பர்ஸ்ல போட்டு பைக்குள்ள வெச்சுட்டாங்க. உள்ள ஏறினா அவங்க சீட்டுக்கு மேல இடமில்லை. ஒருத்தர் "ஆண்ட்டி, குடுங்க"ன்னு பையை வாங்கி, அஞ்சாறு வரிசை தள்ளி மேல வெச்சிருக்கார். ஊருக்கு வந்து பையைத் திறந்தா பர்ஸைக் காணோம்.

புகார் கொடுத்தோம். "விமானத்துக்குள்ள கேமரா இல்லையே சார்"னு பதில் வந்துச்சு. இன்னொரு இடத்துல, "வீட்லயே வெச்சுட்டு வந்திருப்பாங்க, வயசானவங்க, மறதி இருக்கும்"னாங்க. செயின் போனதை விட இதுதான் அம்மாவுக்கு வலிச்சுது. "நான் பொய்யா சொல்றேன் தம்பி?"ன்னு ஒரு கேள்வி கேட்டாங்க. பதில் சொல்லத் தெரியலை.

நமக்கு பொட்டி தட்டுற வேலையாச்சே, ராத்திரி உட்கார்ந்து தேட ஆரம்பிச்சேன். அப்படித் தேடினதுதான் இந்தப் பதிவு.

முதல்ல ஒரு திருத்தம். விமானத்துக்குள்ள கேமராவே இல்லைன்னு சொல்ல முடியாது. இருக்கு. ஆனா அது பார்க்குறது ஒரே ஒரு கதவை, விமானி அறைக் கதவை.

ஒரு காலத்துல பல நாடுகள்ல அந்தக் கதவுக்குப் பெரிய மரியாதை எல்லாம் கிடையாது. சின்னப் பசங்களை உள்ள கூப்பிட்டு காக்பிட்டைக் காட்டுவாங்க. கடத்தல்காரன் வந்தா முரண்டு பிடிக்காம கேட்டதைக் கொடுத்து விமானத்தைத் தரை இறக்கு, உயிர் முக்கியம், இதுதான் அன்னைக்கு இருந்த பாடம். 1999 டிசம்பர் 24-ல காட்மாண்டுவில இருந்து டெல்லிக்குக் கிளம்பின ஐசி 814-ஐக் கடத்தி அமிர்தசரஸ், லாகூர், துபாய், கந்தகார்னு சுத்தினது நமக்கெல்லாம் ஞாபகம் இருக்கும். 2001 செப்டம்பர் 11-க்கு அப்புறம் அந்தப் பாடத்தையே கிழிச்சுப் போட்டாங்க. விமானமே ஆயுதம்னு ஆயிட்டப்போ கதவைத் திறக்கவே கூடாது.

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு விதியை மாத்துச்சு. 2003 நவம்பர் 1-ல இருந்து, 45,500 கிலோவுக்கு மேல எடை உள்ள, இல்லைன்னா 60 பேருக்கு மேல உட்காரக்கூடிய பயணிகள் விமானங்கள்ல துப்பாக்கிக் குண்டு துளைக்காத கதவு இருக்கணும். அந்தக் கதவுக்கு வெளியே இருக்குற இடம் முழுசையும் விமானிங்க தங்களோட சீட்டுல இருந்தபடியே கண்காணிக்க வழி இருக்கணும். இந்த ரெண்டாவது விதிதான் கேமராவை உள்ள கொண்டு வந்துச்சு. வெளிய இருந்து யாராவது எண்களை அழுத்தினா உள்ள சத்தம் வரும். விமானி திரையில முகத்தைப் பார்ப்பார், திருப்தின்னா கதவைத் திறப்பார். அமெரிக்காவுல 2007-ல விதி போட்டப்போ கேமராதான் வேணும்னு கட்டாயப்படுத்தலை. கதவுல சின்ன ஓட்டை வழியா பார்த்தாலும் சரின்னு விட்டுட்டாங்க. (நம்ம வீட்டுக் கதவுல இருக்குமே, அதே டெக்னாலஜிதான் :-))

இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணு. அந்த விதி "பார்க்கணும்"னு கேட்குது, "பதிவு பண்ணி வைக்கணும்"னு கேட்கவே இல்லை. விமானியைப் பயணிகிட்ட இருந்து காப்பாத்த வந்த கேமரா அது. அதுக்குப் பின்னாடி நீளமா போற நடைபாதையில பயணிக்கு என்ன நடக்குதுன்னு அதுக்குக் கவலை இல்லை. அந்தக் கதவோட வேலையிலயும் ஓட்டை இருந்துச்சு. 2015 மார்ச் 24-ல ஜெர்மன்விங்ஸ் விமானத்துல துணை விமானி உள்ள பூட்டிக்கிட்டார். வெளிய போன கேப்டன் கதவைத் தட்டிக்கிட்டே இருந்தார். 150 பேரும் போயிட்டாங்க. ஆபத்து உள்ள இருந்தா கதவும் கேமராவும் என்ன பண்ணும்?

கேபினுக்குள்ள கேமரா வைக்கலாம்ங்கிற யோசனை புதுசும் இல்லை. 1989 ஜனவரி 8-ல லண்டன்ல இருந்து பெல்ஃபாஸ்ட் போன போயிங் 737 இங்கிலாந்துல கெக்வொர்த் கிராமத்துகிட்ட விழுந்துச்சு. கெட்டுப் போனது இடது இன்ஜின், விமானிங்க நிறுத்தினது வலது இன்ஜின். வலது இன்ஜின்ல பிரச்சினைன்னு கேப்டன் மைக்ல சொன்னப்போ, இடது பக்கம் நெருப்பைப் பார்த்த பயணிங்க குழம்பியிருக்காங்க. ஆனா யாரும் எழுந்து போய் சொல்லலை. 126 பேர்ல 47 பேர் இறந்தாங்க. 1990-ல வந்த விசாரணை அறிக்கை, விமானத்துக்கு வெளியேயும் உள்ளேயும் கேமரா வெச்சு விமானிகளுக்குக் காட்டுறது பத்தின ஆராய்ச்சியை வேகப்படுத்தச் சொல்லிப் பரிந்துரைச்சுது. கேபின்ல இருக்குறவங்க பார்த்தது விமானிக்குப் போய்ச் சேரலைங்கிறதுதான் அங்க பிரச்சினை.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். 2022 டிசம்பர் 10, சென்னை விமான நிலையம். திருச்சிக்குப் போக வேண்டிய இண்டிகோ ஏடிஆர் விமானம் தரையில நிக்கும்போதே அவசர வழிக் கதவு திறந்துடுச்சு. இன்ஜினியருங்க வந்து சோதனை பண்ணி, தாமதமாத்தான் கிளம்புச்சு. விஷயம் பெரிசா வெளிய வந்ததே ஒரு மாசம் கழிச்சு, 2023 ஜனவரியில. அங்க உட்கார்ந்திருந்தவர் பெங்களூரு தெற்கு எம்.பி. தேஜஸ்வி சூர்யா. தவறுதலா திறந்துட்டார், மன்னிப்பும் கேட்டுட்டார்னு விமானப் போக்குவரத்து அமைச்சர் ஜோதிராதித்ய சிந்தியா சொன்னார். அவரோட பயணம் பண்ண அண்ணாமலை, அவர் கதவைத் திறக்கலை, கையை வெச்சப்போ கதவுல இடைவெளி தெரிஞ்சுதுன்னு சொன்னார். நான் இங்க அரசியல் பேச வரலை. ஒரே கதவு, ரெண்டு கதை, அவ்வளவுதான். சாதாரண பஸ் படிக்கட்டுல நடந்திருந்தா கூட இந்நேரம் வீடியோ வந்திருக்கும்.

அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி, நவம்பர் 26-ல, நியூயார்க்ல இருந்து டெல்லி வந்த ஏர் இந்தியா விமானத்துல 70 வயசைத் தாண்டின ஒரு அம்மா மேல சக பயணி சிறுநீர் கழிச்சதா புகார். போலீஸ் வழக்கு பதிவாகவே ஜனவரி ஆயிடுச்சு. ஏர் இந்தியாவுக்கு 30 லட்சம் ரூபாய் அபராதம், விமானிக்கு 3 மாசம் லைசென்ஸ் சஸ்பெண்ட். ஆனா குற்றம் சாட்டப்பட்டவர், நான் அதைச் செய்யவே இல்லைன்னு கோர்ட்ல சொன்னார். யார் எங்க உட்கார்ந்திருந்தாங்க, யார் எழுந்து வந்தாங்கன்னு வாய்ச்சாட்சியை வெச்சே எல்லாரும் அடிச்சுக்க வேண்டியதாச்சு.

திருட்டுக் கதைக்கு வர்றேன். 2024 மே மாசம் டெல்லி போலீஸ் ஒருத்தரைப் பிடிச்சாங்க. முந்தின வருஷத்துல 110 நாள் பயணம், சுமார் 200 விமானம், வேலை ஒண்ணே ஒண்ணு. மேல வெச்ச பையில நகையைத் தேடுறது. வேற விமானத்துக்கு மாறிப் போற வயசான பெண்கள்தான் அவர் குறின்னு போலீஸ் சொன்னாங்க. எப்படிப் பிடிச்சாங்க? விமான நிலையங்கள்ல இருந்த கேமராப் பதிவுகளை ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட்டுப் பார்த்து. திருட்டு நடந்த இடத்துல ஒரு படமும் இல்லை, சுத்தி வளைச்சுதான் வர வேண்டியிருந்துச்சு. இதைப் படிச்சப்போ, "அம்மா, உனக்கு மறதி இல்லை"ன்னு உடனே போன் பண்ணிச் சொன்னேன்.

அப்ப ஏன் இன்னும் வைக்கலை? சேமிச்சு வைக்கிறது இன்னைக்குப் பெரிய விஷயமே இல்லை, மெமரி அவ்வளவு மலிவு. ஆனா விமானத்துல ஒரு ஒயர் சேர்க்கணும்னாலும் சான்றிதழ் வேணும். காக்பிட் குரல் பதிவே அரை மணி நேரத்துல இருந்து 2 மணி நேரமாகி, 2021-க்கு அப்புறம் வர்ற புது பெரிய விமானங்களுக்கு 25 மணி நேரம்னு ஆக எத்தனை வருஷம்!

இன்னொரு காரணம் நியாயமானது. குழந்தைக்குப் பால் கொடுக்குற தாய், வாயைப் பொளந்து தூங்குற நான், நாள் பூரா நின்னு வேலை பார்க்குற பணிப்பெண், எல்லாரையும் யாரோ பார்த்துக்கிட்டே இருக்குறது சரியா? 2019-ல சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் சீட் திரையில குட்டி கேமரா இருக்குறதை ஒரு பயணி கவனிச்சு வெளிய சொன்னப்போ பெரிய சத்தமாச்சு. அது இயங்கலை, இயக்குற திட்டமும் இல்லைன்னு கம்பெனி சொல்ல வேண்டி வந்துச்சு.

இதுக்கு வழியை நம்ம ரயில்வே காட்டியிருக்குன்னு நினைக்கிறேன். 2025 ஜூலையில 74,000 பெட்டிகள்ல கேமரா வைக்கப் போறதா அறிவிச்சாங்க. ஒரு பெட்டிக்கு 4, வாசலுக்கு ரெண்டு. பயணிகளோட அந்தரங்கம் கெடக்கூடாதுன்னு கதவுப் பக்கம், ஆளுங்க நடமாடுற இடத்துல மட்டும். சீட்டைப் பார்க்காம கதவையும் நடைபாதையையும் மேல இருக்குற லாக்கரையும் மட்டும் பார்க்குற மாதிரி விமானத்துலயும் வைக்க முடியாதா? புகார் வந்தா மட்டும் போலீஸ் திறந்து பார்க்கட்டும், இல்லைன்னா சில நாள்ல தானா அழியட்டும்.

அம்மாகிட்ட இதையெல்லாம் சொல்லி, "அந்தப் பையை வாங்கி வெச்சானே, அவன்தான் எடுத்திருப்பான்"னேன். அம்மா ஒத்துக்கலை. "நான் பார்க்கலையே தம்பி. நிஜமாவே உதவி பண்ணவரா இருந்தா? அவர் மேல எப்படிப் பழி போடுறது?"ன்னாங்க.

கேமரா இருந்திருந்தா அந்த மனுஷனுக்கும் நல்லதுதானே.

பின்குறிப்பு: நகையைக் கழட்டி மேல வைக்கிற பையில போடாதீங்க. போட்டே ஆகணும்னா அந்தப் பையை முன் சீட்டுக்கு அடியில, உங்க காலுக்குப் பக்கத்துல வெச்சுக்குங்க.