முதல் மரியாதை யாருக்கு? தியத்தலாவ படைத்தளத்தின் சடங்குகள்

அணிவகுப்பு மரியாதை ஒன்றைப் பற்றிச் செய்தித்தாளில் வருவது பிரதம அதிதியின் பெயர் மட்டுமே. அந்த மரியாதையைச் செய்து முடிப்பவர்கள் வெயிலிலும் பனியிலும் அசையாமல் நிற்கும் சிப்பாய்கள், லான்ஸ் கோப்ரல்கள், கோப்ரல்கள், அவர்களை வரிசைப்படுத்தி நிறுத்தும் சார்ஜன்ட்கள். எந்த விருந்தாளிக்கு எவ்வளவு மரியாதை, எந்த வாசலில் யார் அனுமதி கேட்க வேண்டும், எந்த நாளில் யார் யாருக்குப் பரிமாற வேண்டும் என்ற விதிகளை நாள்தோறும் காத்து வருபவர்களும் இந்தக் கீழ்நிலைப் படையினரே. இலங்கையில் இந்த வழக்கங்கள் தலைமுறை தலைமுறையாகக் கற்பிக்கப்படும் இடம், பதுளை மாவட்டத்தில் ஹப்புத்தளைக்கும் பண்டாரவளைக்கும் இடையே உள்ள தியத்தலாவ.

தேயிலை மலைகளுக்கு நடுவே பதனை எனப்படும் புல்வெளியாகக் கிடந்த இடம் அது. மலைநாட்டு ரயில் பாதை 1894இல் பண்டாரவளையை எட்டியது. ஆறே ஆண்டுகளில் அந்தப் பாதை வழியாகப் போர்க் கைதிகள் வந்து இறங்கினார்கள். தென்னாபிரிக்காவில் பிரித்தானியரோடு போரிட்டுப் பிடிபட்ட போயர்கள் 1900 ஓகஸ்டு முதல் இலங்கைக்குக் கப்பல் கப்பலாகக் கொண்டுவரப்பட்டனர். ஏறத்தாழ 5,000 பேர். அவர்களில் பெரும்பாலோர் தியத்தலாவவில் தகரக் கொட்டகைகளில் தங்க வைக்கப்பட்டனர். முட்கம்பி வேலிக்கு உள்ளேயும் படைத்தரம் கரையவில்லை. ஒலிவியர், ரூ போன்ற தளபதிகளுக்கு அவர்களின் பதவிக்குரிய மரியாதை இருந்தது. 'தப்பிப் போக மாட்டேன்' என்று வாக்குக் கொடுத்தவருக்கு வெளியே சென்றுவர அனுமதி உண்டு. 1901 ஜூலையில் போயர் கைதிகளின் அணி ஒன்று கொழும்பு சென்று கோல்ட்ஸ் கழகத்தோடு கிரிக்கெட் விளையாடியது. போர் தென்னாபிரிக்காவில் இன்னும் நடந்துகொண்டிருக்க, எதிரி நாட்டுச் சிப்பாயை ஆட்டக்களத்தில் விருந்தாளியாக வரவேற்ற நிகழ்ச்சி அது. முகாமிலேயே இறந்துபோன போயர்கள் தியத்தலாவ மண்ணிலேயே அடக்கம் செய்யப்பட்டார்கள்.

கைதிகள் போன பின்னும் முகாம் கலையவில்லை. தொண்டர் படைகளின் வருடாந்தப் பயிற்சிக்கும் கடற்படையினரின் ஓய்வுக்கும் உரிய இடமாக அது மாறியது. அங்கே பயிற்சிக்கு வந்த படைகளில் தியத்தலாவ அமைந்துள்ள ஊவாவின் தோட்டங்களோடு நேரடித் தொடர்புள்ளது, 1900இல் அமைக்கப்பட்ட 'சிலோன் பிளாண்டர்ஸ் ரைபிள் கோர்' என்ற துரைமார் துப்பாக்கிப் படை. அதில் சாதாரண சிப்பாயாக நின்றவர்களே தோட்டத்தில் பெரிய துரையும் சின்ன துரையும். அதிகாலையில் தப்புச் சத்தம் கேட்டுத் தொழிலாளர்கள் பெரட்டுக்களத்தில் கூடும்போது, கங்காணிகள் கைகட்டி நிற்க, அன்றைய வேலையைப் பங்கிட்டுக் கொடுப்பவர் துரை. அதே துரை பயிற்சி முகாமில் வரிசையில் ஒருவராக நின்று சார்ஜன்டின் அதட்டலுக்குக் காலைச் சேர்த்து நிற்க வேண்டியிருந்தது. தோட்டத்தில் அவருக்கு இருந்த அதிகாரத்தில் ஒரு துளியும் அந்த மைதானத்துக்குள் செல்லவில்லை. தோட்டத் தொழிலாளர்களுக்கு அந்தப் படையில் இடமே இருக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அது ஐரோப்பியருக்கு மட்டுமான படை.

முதலாம் உலகப் போர் மூண்டதும் 1914இல் துரைமார் படையின் ஒரு பிரிவு கொழும்பிலிருந்து எகிப்துக்குக் கப்பலேறியது. அடுத்த ஆண்டு கலிப்போலிப் போர்முனையில் அவுஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகளுக்குத் தலைமை தாங்கிய ஜெனரல் வில்லியம் பேர்ட்வுட்டின் தலைமையகக் காவல் இவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. தளபதியின் கூடாரத்தைக் காப்பது, வருவோரை நிறுத்தி விசாரிப்பது, உரியவருக்கு ஆயுத வணக்கம் செய்வது என்று முறைமையும் அபாயமும் ஒன்றாகக் கலந்த வேலை அது. அவர்களில் பலர் பின்னர் பிரித்தானியப் படைகளில் அதிகாரிகளாக உயர்ந்தார்கள். 1949இல் இந்தப் படை கலைக்கப்பட்டது.

அதே 1949 ஒக்டோபர் 10ஆம் திகதி சுதந்திர இலங்கையின் நிரந்தர இராணுவம் பிறந்தது. மறு ஆண்டு தியத்தலாவவில் புதிய சிப்பாய்களுக்கான பயிற்சி நிலையம் தொடங்கப்பட்டது. அதுவே படிப்படியாக வளர்ந்து 1981இல் இலங்கை இராணுவக் கல்லூரி என்ற பெயரைப் பெற்றது. இராணுவத்தின் முதல் இலங்கைத் தளபதியாக 1955இல் பதவியேற்றவர் அன்டன் முத்துக்குமாரு என்ற தமிழர். ஆனால் பயிற்சி மைதானத்தைச் சுற்றியிருந்த மலைகளில் கொழுந்து பறித்த தமிழர்களின் நிலை வேறு. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் ஏறத்தாழ 7 லட்சம் மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியிருந்தது. நாட்டின் கொடிக்கு வணக்கம் செலுத்தும் வரிசை கண்ணுக்கெட்டிய தூரத்தில் உருவானபோது, அதில் நிற்கும் உரிமைக்கு அடிப்படையான குடியுரிமையே அவர்களிடம் இல்லை. அந்தக் குறை முழுதாகத் தீர 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. படைச் சடங்குகளின் வரலாற்றை ஊவாவில் இருந்து எழுதும்போது இதை விட்டுவிட்டால் கணக்குச் சரியாக வராது.

இனி மரியாதையின் உள்ளமைப்பு. விருந்தாளி மேடையேறியதும் காவல் அணி துப்பாக்கியை உடலுக்கு முன்னால் நிமிர்த்திப் பிடித்து வணக்கம் செய்கிறது. வாத்தியக் குழு அதற்குரிய இசையை வாசிக்கிறது. பிறகு அணித் தலைவர் உருவிய வாளோடு முன்வந்து, அணி பார்வையிடத் தயார் என்று அறிவிக்கிறார். விருந்தாளி அவரோடு வரிசையின் முன்னால் மெதுவாக நடந்து ஒவ்வொருவரையும் பார்க்கிறார். சீருடை அணியாதவர் கையுயர்த்தி வணக்கம் செய்ய வேண்டியதில்லை; நேராக நின்று ஏற்றுக்கொண்டால் போதும். ஊர்க் கோயிலில் பரிவட்டம் கட்டுவதும் காளாஞ்சி கொடுப்பதும் எப்படி ஆளின் பணத்தையோ அழகையோ பார்ப்பதில்லையோ, இதுவும் அப்படித்தான். பதவிக்குச் செய்யப்படும் மரியாதை, அந்தப் பதவியில் இருப்பவர் மாறினால் மறுநாளே அடுத்தவருக்குப் போய்விடும். சிப்பாய் ஓர் இளம் லெப்டினன்டுக்குச் சல்யூட் அடிப்பதும் அந்த லெப்டினன்டின் வயதுக்கோ அனுபவத்துக்கோ அல்ல, அரச தலைவர் அவருக்கு அளித்த அதிகார ஆணைக்கு.

மரியாதையை எண்ணிக்கையால் அளப்பது பிரித்தானியர் விட்டுச் சென்ற பழக்கம். அதன் உச்சம் பீரங்கி வேட்டுகள். துறைமுகத்துக்குள் வரும் கப்பல் தன் பீரங்கிகளைச் சுட்டுத் தீர்த்து, 'எம்மிடம் குண்டு இல்லை, பகையும் இல்லை' என்று காட்டியதில் தொடங்கிய வழக்கம் அது. பின்னர் அதுவே தகுதிப் பட்டியலாக இறுகியது. இந்தியச் சமஸ்தானங்களில் ஹைதராபாத்துக்கும் மைசூருக்கும் 21 வேட்டு, திருவிதாங்கூருக்கு 19, கொச்சிக்கு 17, புதுக்கோட்டைக்கு 11 என்று நிர்ணயித்திருந்தார்கள். ஓரிரு வேட்டுக் கூடுவதற்காக மன்னர்கள் ஆண்டுக்கணக்கில் மனுப்போட்ட காலம் அது. இலங்கையில் இன்று சுதந்திர தினத்தன்று ஜனாதிபதிக்கு 21 வேட்டு தீர்க்கப்படுகிறது. கொழும்பில் கடற்படை தன் மரபுப்படி 25 வேட்டு தீர்க்கிறது.

பெரிய விழாக்களைவிட, முகாமுக்கு ஒரு மூத்த அதிகாரி வந்துபோகும் சாதாரண நாளில்தான் இந்த ஒழுங்கு எவ்வளவு ஊறியிருக்கிறது என்பது தெரியும். வாசலில் நிற்கும் காவற்காரன் குரல் கொடுத்ததும் காவலறையில் இருப்பவர்கள் நொடியில் ஓடிவந்து வரிசையாக நிற்பார்கள். அடுத்து அணிவகுப்பு மரியாதை. பிறகு உயிர்நீத்தோர் நினைவுத் தூணில் மலர்வளையம், முற்றத்தில் ஒரு மரக்கன்று, எல்லாத் தரத்தினரோடும் ஒரு குழுப் படம், தேநீர், கடைசியில் விருந்தினர் ஏட்டில் கையெழுத்து. இந்த வரிசை மாறுவது அரிது. சிங்கள மரபுப்படி மகுல் பெர எனும் மங்கல மேளமும் சங்கொலியும் பல இடங்களில் இதன் முன்னே சேர்ந்துகொண்டன.

தியத்தலாவவில் 1968இல் அதிகாரிகளுக்கான பயிற்சியும் தொடங்கியது. அதுவரை பயிலுநர்கள் சான்ட்ஹர்ஸ்ட் போன்ற வெளிநாட்டுக் கல்லூரிகளுக்கே அனுப்பப்பட்டனர். நாளைக்கு அதிகாரியாகப் போகிறவருக்கு நிற்கவும் நடக்கவும் வாளைப் பிடிக்கவும் கற்றுக்கொடுப்பவர் ஒரு சார்ஜன்ட் அல்லது வாரண்ட் அதிகாரி. பயிற்சி முடியும்வரை அவரது சொல்லே சட்டம். விடைபெறும் அணிவகுப்பு முடிந்து, தோளில் நட்சத்திரம் ஏறிய மறுகணம் ஆசிரியர் மாணவனுக்குச் சல்யூட் அடிக்கிறார். சிறந்த மாணவருக்குக் கௌரவ வாள் வழங்குபவர் பிரதம அதிதி. அந்த வாளைப் பெறும் கை நடுங்காமல் நீள்வதற்குக் காரணமானவர் வரிசையின் ஓரத்தில் நிற்பார்.

கீழ்நிலைப் படையினருக்கும் சொந்த வீடு ஒன்று உண்டு. வாரண்ட் அதிகாரிகளும் சார்ஜன்ட்களும் கூடி உண்ணும் மெஸ் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரித்தானியப் படையில் உறுதிப்பட்ட இந்த அமைப்பில் தலைவர் படையணியின் சார்ஜன்ட் மேஜர். கட்டளை அதிகாரியாக இருந்தாலும் அழைப்பில்லாமல் அந்த வாசலைத் தாண்டுவது முறையாகாது. வந்தால் அவரை வாசலுக்கு வந்து அழைத்துச் செல்பவர் சார்ஜன்ட் மேஜர். உள்ளே அவர் விருந்தாளி. நுழையும்போது தொப்பியைக் கழற்ற வேண்டும். முறையான விருந்து இரவில் பிரதம அதிதி தலைவரின் வலப்புறம் அமர்வார். மேசையின் மறுகோடியில் உதவித் தலைவர்; பெரும்பாலும் இளைய உறுப்பினருக்கே அந்தப் பொறுப்பு. அரச தலைவர் பெயரில் கோப்பை உயர்த்தப்படும்வரை யாரும் புகைக்கக் கூடாது. தலைவரின் அனுமதி இல்லாமல் எழுந்து போகவும் கூடாது. வெளியே நாள் முழுதும் உத்தரவு கேட்டுப் பழகியவர்கள், அந்த மேசையில் தங்கள் ஒழுங்கைத் தாங்களே வகுத்து, மேலதிகாரியையும் அதற்குள் உட்கார வைக்கிறார்கள். படை வாழ்வில் சுயமரியாதைக்கு இதைவிடப் பெரிய இடம் வேறில்லை.

தரத்தின் ஏணி ஒரு நாள் முழுதாகத் தலைகீழாவதும் உண்டு. பிரித்தானியப் படையில் நத்தார் தினத்தன்று அதிகாரிகளும் சார்ஜன்ட்களும் விடியற்காலையில் சிப்பாய்களின் படுக்கைக்கே சென்று ரம் கலந்த தேநீர் கொடுப்பார்கள். பகல் விருந்தையும் அவர்களே பரிமாறுவார்கள். சில படையணிகளில் ஆகக் குறைந்த வயதுச் சிப்பாய் அன்று கட்டளை அதிகாரியின் உடுப்பை அணிவான். பிரித்தானிய இந்தியப் படையில் எல்லாத் தரத்தினரும் சேர்ந்துண்ணும் வழக்கத்துக்குப் 'பரா கானா' என்று பெயர். பெரிய விருந்து என்று பொருள். நீலகிரியின் வெலிங்டனில் தலைமையகம் கொண்ட மதராஸ் ரெஜிமென்டில், 'தம்பி' என்று அழைக்கப்படும் சிப்பாய்களோடு அதிகாரிகள் உட்கார்ந்து சாப்பிடும் விருந்தும் அதுவே. இலங்கை இராணுவம் அந்தப் பெயரையும் வழக்கத்தையும் மாற்றாமல் வைத்திருக்கிறது. படையணியின் ஆண்டு நிறைவு நாளில் பரா கானா நடைபெறும். வேறெந்த விருந்திலும் சிப்பாய் பரிமாறுபவர். இதில் அவரே விருந்தாளி.

இறந்த சிப்பாய்க்குச் செய்யும் மரியாதையில் தரவரிசை ஓரளவு தளர்கிறது. துப்பாக்கிகள் தலைகீழாகக் கவிழ்க்கப்படும், ஊதுகொம்பில் 'லாஸ்ட் போஸ்ட்' ஒலிக்கும், மௌனம், பிறகு விடியல் அழைப்பு. ஜெனரலுக்கும் சிப்பாய்க்கும் அந்த இசை ஒன்றே. ஆனால் நினைவுகூர்தலிலும் பங்கு சமமாக இருக்கவில்லை என்ற குமுறல் இலங்கையில் எழுந்தது. முதலாம் உலகப் போரின் முடிவை நினைவுகூர்ந்து நவம்பர் 11இல் விற்கப்பட்ட பொப்பிப் பூவின் பணத்தில் பெரும்பகுதி பிரித்தானிய வீரர்களுக்கே போகிறது, உள்ளூர் முன்னாள் வீரர்களுக்குக் கிடைப்பது சொற்பம் என்று முறையிட்டு, 1931இல் ஏலியன் பெரேரா என்பவர், சிங்களத்தில் சூரிய மல் எனப்படும் பூவரசம் பூவை விற்கத் தொடங்கினார். 1933இல் இளைஞர் கழகங்கள் அதைச் சூரிய மல் இயக்கமாக வளர்த்தெடுத்தன. மலர் சூட்டும் சிறு சடங்கில் தொடங்கிய கேள்வி, சில ஆண்டுகளில் இலங்கையின் இடதுசாரி அரசியலுக்கே அடித்தளமாயிற்று.

ஓய்வு பெறுபவருக்கு விடைகொடுக்கும் முறையிலும் கீழ்நிலைப் படையினரின் கையே மேலோங்குகிறது. இந்திய, இலங்கைப் படைகளில் கட்டளை அதிகாரி பொறுப்பை ஒப்படைத்துவிட்டுப் புறப்படும்போது அவரது ஜீப்பின் இயந்திரம் நிறுத்தப்படும். முன்புறம் கயிறு கட்டி, அவரிடம் வேலை செய்தவர்களே வாசல்வரை இழுத்துச் செல்வார்கள். நெடுங்காலம் சேவை செய்த சார்ஜன்ட் மேஜருக்கு மெஸ்ஸில் கடைசி விருந்து வைத்து, படையணிச் சின்னம் பொறித்த நினைவுப் பரிசு கொடுப்பார்கள். அன்று தலைவரின் வலப்புற நாற்காலி அவருக்கு. மறுநாள் முதல் அவர் அதே மெஸ்ஸின் வாசலில், மற்ற விருந்தாளிகளைப் போலவே, அழைப்பின் பேரில் நுழைய வேண்டியவர்.