அமெரிக்காவில் இளையோர் போதையில் வாகனம் ஓட்டுவதைத் தடுத்த வரலாறு

ஐக்கிய அமெரிக்காவில் 1971 ஆம் ஆண்டு 26 ஆவது சட்டத் திருத்தத்தின் மூலம் வாக்களிக்கும் வயது 18 ஆகக் குறைக்கப்பட்டது. வியட்நாம் போருக்கு அனுப்பப்படும் வயதில் வாக்குரிமை இல்லை என்பது முறையன்று என்ற வாதமே இதற்குக் காரணம். அதே வாதத்தை ஏற்று, 1970களின் முதற்பாதியில் பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்கள் மது அருந்துவதற்கான வயதையும் குறைத்தன. இதன்பின் பல மாநிலங்களில் இளையோர் தொடர்பான சாலை விபத்துகள் அதிகரித்ததை ஆய்வுகள் காட்டின. வயது வரம்பு மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்டதால், இளையோர் எல்லை தாண்டிச் சென்று குடித்துவிட்டு வாகனம் ஓட்டித் திரும்பினர். அத்தகைய எல்லைகள் 'குருதி எல்லைகள்' எனப்பட்டன.

1980 இல் கலிபோர்னியாவில் 13 வயதுச் சிறுமி ஒருத்தி குடிபோதையில் இருந்தவர் ஓட்டிய கார் மோதி இறந்தாள். ஓட்டியவர் இளைஞர் அல்லர். இதே குற்றத்துக்காக முன்பே பலமுறை பிடிபட்டவர். சிறுமியின் தாய் கேண்டி லைட்னர் அவ்வாண்டே தாய்மார் இயக்கம் ஒன்றைத் தொடங்கினார். 1981 இல் மாசச்சூசெட்ஸின் வேலண்டு நகரில், மாணவர்களை விபத்துகளில் இழந்த ஆசிரியர் இராபர்ட் அனஸ்டாஸ் மாணவர் இயக்கம் ஒன்றை உருவாக்கினார். அதன் ஒப்பந்தப்படி, போதையில் இருக்கும் பிள்ளை எந்நேரமும் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைக்கலாம். பெற்றோர் அப்போது கேள்வி கேட்காமல் பாதுகாப்பாக அழைத்துவர வேண்டும்.

1984 சூலை 17 அன்று குடியரசுத் தலைவர் ரேகன், முதலில் தயங்கியபோதும், மதுவுக்கான குறைந்தபட்ச வயதுச் சட்டத்தில் கையொப்பமிட்டார். வயது வரம்பை 21 ஆக்காத மாநிலங்கள் கூட்டாட்சி நெடுஞ்சாலை நிதியில் ஒரு பகுதியை இழக்கும் என்றது அச்சட்டம். இதை எதிர்த்துத் தெற்கு டகோட்டா தொடுத்த வழக்கில், 1987 இல் உச்ச நீதிமன்றம் 7-2 என்ற பெரும்பான்மையில் சட்டத்தை உறுதிசெய்தது. குடித்துவிட்டு ஓட்டுவோரில் இளையோர் ஒரு சிறு பகுதியினரே என மாறுபட்ட தீர்ப்பளித்த நீதிபதி ஓ'கானர் சுட்டிக்காட்டினார். 1988 இல் வயோமிங் இணைந்ததுடன் எல்லா மாநிலங்களிலும் வரம்பு 21 ஆனது.

1995 ஆம் ஆண்டுச் சட்டமும் நிதியையே நெம்புகோலாகக் கொண்டது. 21 வயதுக்குட்பட்ட ஓட்டுநரின் குருதியில் 0.02 விழுக்காடு மது இருந்தாலே குற்றம் என்னும் விதி 1998க்குள் நாடெங்கும் பரவியது. மது தொடர்பான சாலை இறப்புகள் 1982 இல் ஏறத்தாழ 21,000 ஆக இருந்து, 2011 இல் 10,000க்கும் கீழே இறங்கின. இருக்கைப்பட்டி, பாதுகாப்பான கார்கள் ஆகியவற்றுக்கும் இதில் பங்குண்டு.

பிற போதைப்பொருள்களுக்கு இவ்வழி எளிதில் பொருந்தவில்லை. 2012 இல் வாசிங்டன் மாநிலம் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கியபோது குருதியில் அதற்கும் ஒரு வரம்பை விதித்தது. ஆனால் கஞ்சாவின் வேதிப்பொருள் குருதியில் இருக்கும் அளவு, மதுவைப் போல, தடுமாற்றத்தின் அளவைத் தெளிவாகக் காட்டுவதில்லை. ஊதிப் பார்க்கும் கருவியால் அறிய முடியாத போதைக்கும் வேலண்டு ஒப்பந்தம் பொருந்தும். அதற்கு ஒரு தொலைபேசி அழைப்பே போதும்.