முடக்குவாதமும் இறப்புச் சான்றிதழும்

"மூட்டு வலியில யாராவது சாவாங்களா டாக்டர்?" வெளிநோயாளிகள் பிரிவில் உட்கார்ந்த நம்மில் பலரும் கேட்ட கேள்வி இது. முடக்குவாதம் ஆளை முடக்கும், உயிரை எடுக்காது என்றுதான் வைத்திய உலகமும் ரொம்ப காலம் நம்பியது.

1800-ல் பாரிஸின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் லாந்ரே-பொவே என்ற இளைஞர், ஒன்பது பெண்களிடம் கண்ட இந்த நோயைத் தன் ஆய்வேட்டில் விவரித்தார். 1859-ல் லண்டனில் ஆல்ஃபிரட் காரட் அதற்கு 'ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்' என்று பெயர் வைத்தார். பெயர் வைத்தாச்சு, ஆயுள் கணக்கு?

முக்கியமான கணக்கு 1953-ல் பாஸ்டனிலிருந்து வந்தது. காப், ஆண்டர்சன், பவர் மூவரும் இந்நோயாளிகளின் ஆயுளையும் இறப்புக் காரணங்களையும் பொதுமக்களோடு ஒப்பிட்டார்கள். ஆயுள் குறைகிறது என்று தெரிந்தது. ஏன் அதுவரை கண்ணில் படவில்லை? சான்றிதழில் 'மாரடைப்பு', 'நிமோனியா' என்றுதான் எழுதுவோம். விரல் கோணிப்போய் இருபது வருஷம் பட்ட பாடு அதில் வராது. மூட்டை அரிக்கும் அதே அழற்சிதான் இரத்தக் குழாயையும் கெடுக்கிறது. அதனால் இதய நோயே முதல் எமன். தொற்றும் நுரையீரல் கோளாறும் அடுத்து நிற்கின்றன.

இனி நமக்குப் பெருமையான விஷயம். பீமவரத்தில் 1895-ல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். கதர் உடுத்தியதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் எல்.எம்.எஸ். சான்றிதழோடு அமெரிக்கா போனார். லெடர்லே ஆய்வுக்கூடத்தில் அவர் தலைமையில் இரத்தப் புற்றுநோய்க்காக உருவானவைதான் அமினாப்டெரினும் மெத்தோட்ரெக்சேட்டும்.

1948 ஆகஸ்டில் அவர் காலமானார். அடுத்த மாதமே மேயோ கிளினிக்கில் ஹென்ச், முடக்குவாத நோயாளிக்குக் கார்ட்டிசோன் ஊசி போட்டார். 1950-ல் நோபல் பரிசு! 1951-ல் நியூயார்க்கில் கப்னர் குழுவினர் அமினாப்டெரினால் மூட்டு வீக்கம் குறைவதைக் கண்டார்கள். கார்ட்டிசோன் ஆரவாரத்தில் அது எடுபடவில்லை. கார்ட்டிசோனின் பக்கவிளைவுகள் புரிந்த பிறகும், முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் அமெரிக்க அங்கீகாரம் பெற 1988 ஆயிற்று.

2002-ல் விச்சிட்டா நகரின் 1,240 நோயாளிகளைப் பற்றிய ஆய்வு வெளியானது. மெத்தோட்ரெக்சேட் எடுத்தவர்களிடம் இறப்பு சுமார் 60 சதவீதம் குறைவு. இதய நோய் இறப்பு சுமார் 70 சதவீதம் குறைவு. சென்னையில் முழுப் பட்டம் மறுக்கப்பட்டவரின் மாத்திரை, மூட்டோடு உயிரையும் காக்கிறது!

இன்றைய மாணவத் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. கோணிய விரலைப் பார்த்த கையோடு இரத்த அழுத்தமும் பாருங்கள்; புகைப்பழக்கம் உண்டா என்று கேளுங்கள். இந்த மாத்திரை வாரம் ஒரு நாள்தான், தினமும் சாப்பிட்டால் ஆபத்து என்று அழுத்திச் சொல்லுங்கள். இறப்புச் சான்றிதழ் எழுத நேர்ந்தால், பங்களித்த நோய்களுக்கான இடத்தில் முடக்குவாதத்தையும் மறக்காமல் எழுதுங்கள். எழுதினால்தான் கணக்கு, கணக்கு இருந்தால்தான் வைத்தியம்.