ஒரு நோய்க்கு வைத்த பிழையான பெயர்



நம்மவர் ஒருவரின் நுரையீரலிலிருந்து சதைத்துண்டு எடுத்து பயொப்ஸி செய்த பிறகு, "இன்னொரு தடவை எடுக்க வேண்டும்" என்று வைத்தியர் சொன்னால் நமக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. "முதல் ரிப்போர்ட் பிழையோ?" என்று கேட்கிறோம். சிலர் பயந்து, சிகிச்சையையே விட்டுவிடுகிறார்கள். இந்தச் சந்தேகத்துக்கு வரலாற்றில் பதில் இருக்கிறது.

ஜேர்மனியின் சக்சனியில் ஷ்னீபேர்க் என்றொரு சுரங்க ஊர். அங்கு சுரங்கத் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக நெஞ்சு வருத்தத்தால் மரணித்தார்கள். ஊரார் அதை 'மலை நோய்' என்றார்கள். 1879இல் ஹார்ட்டிங், ஹெஸ்ஸே என்ற இரு வைத்தியர்கள் இறந்தவர்களின் உடல்களை ஆராய்ந்து, அது நுரையீரலில் வளரும் புற்று என்று காட்டினார்கள். பெரிய கண்டுபிடிப்புத்தான். ஆனால் அதை நிணநீர்க் கலங்களில் உண்டாகும் புற்று என்று வகைப்படுத்திவிட்டார்கள். அது சுவாசக்குழாயின் உட்படையில் தொடங்குகிறது என்பது 20ஆம் நூற்றாண்டில்தான் தெளிவானது.

இங்கிலாந்திலும் இதே குழப்பம் இருந்தது. நெஞ்சின் நடுவில் வளர்ந்த ஒருவகைக் கட்டியின் கலங்கள் ஓட்ஸ் தானியம் போலத் தெரிந்ததால் 'ஓட்ஸ் கல சார்கோமா' என்று அழைத்தார்கள். 1926இல் பார்னாட் என்ற நோயியல் வைத்தியர், அதுவும் நுரையீரலில் தொடங்கும் புற்றே என்று நிரூபித்தார். இன்று அதைச் சிறுகலப் புற்றுநோய் என்கிறோம். புகைத்தலோடு மிக நெருங்கிய தொடர்புடையது அது.

திறமைசாலிகள் ஏன் தடுமாறினார்கள்? அந்தக் கலங்கள் மிகச் சிறியவை, கருமையானவை. நுணுக்குக்காட்டியில் நிணநீர்க்குழியங்கள் போலவே தெரியும். தொடங்கிய இடம் சிறிதாக இருக்க, பரவிய நிணநீர்க் கணுக்கள் பெரிதாக வீங்கியிருக்கும். துண்டு எடுக்கும்போது கலங்கள் நசுங்கியும் போகும்.

பெயர் மாறினால் மருந்தும் மாறும். நிணநீர்ப் புற்றுக்கு ஒரு சிகிச்சை, சிறுகலப் புற்றுக்கு வேறொன்று. அதனால்தான் இன்று விசேட சாயப் பரிசோதனைகள் செய்கிறார்கள். துண்டு போதாவிட்டால் மீண்டும் கேட்கிறார்கள். அது அறியாமை அல்ல, நூறு வருட அனுபவம் தந்த எச்சரிக்கை.

நாமும் ஊகத்தால் பெயர் வைக்காமல் இருப்போம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் மார்பு நோய் சிகிச்சை நிலையத்தில் சளியைப் பரிசோதிப்போம். காசநோய் மருந்து எடுத்தும் சுகம் தெரியாவிட்டால், மறைக்காமல் மீண்டும் வைத்தியரிடம் போவோம்.

நம் நோயாளிகள் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிபாவைத் தருவானாக. ஆமீன்.